குவாம் பாட்டிகள் ஏன் பேரப்பிள்ளைங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசினாங்க?

ஒரு மொழியை ஒழிக்கணும்னு ஒரு அரசாங்கம் நினைச்சா என்னென்ன பண்ணும்? பேசக்கூடாதுன்னு உத்தரவு போடும். ஸ்கூல்ல பேசுற பிள்ளைங்களைத் தண்டிக்கும். அகராதியை எரிக்கும். இந்த மூணுமே நடந்த ஒரு தீவு இருக்கு. ஆனா அப்போ அந்த மொழி சாகல. உத்தரவு போட்டு 30 வருஷம் கழிச்சு, அதை யாருமே பெருசா நினைவு வெச்சிருக்காத காலத்துலதான் மொழி வீட்டுக்குள்ள இருந்து நழுவ ஆரம்பிச்சுது. அது எப்படின்னுதான் இந்த எபிசோட்.

தீவோட பேரு குவாம். அந்த ஊர்க்காரங்க குவாஹான்னு சொல்லுவாங்க. பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே சுமார் 2,500 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடல்ல இருக்கு. பரப்பளவு கிட்டத்தட்ட 540 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியை விடக் கொஞ்சம் பெருசு. மரியானா தீவுக்கூட்டத்துல இதுதான் பெரிய தீவு. வடக்கே ரோட்டா, டினியன், சைபான்னு வரிசையா மத்த தீவுகள் போகும். ஹிரோஷிமா, நாகசாகி மேல குண்டு போட்ட விமானங்கள் கிளம்பின டினியன் இதேதான். இந்தத் தீவுகள்ல 3,500 வருஷமா வாழுறவங்க சமோரு மக்கள். அவங்க மொழியோட பேரும் சமோரு.

பழைய புத்தகங்கள்ல 'சமோரோ'ன்னு பார்த்திருப்பீங்க. குவாம்ல இருக்கிற மொழி ஆணையம் 2018ல 'சமோரு'தான் சரியான எழுத்துக்கூட்டல்னு முடிவு பண்ணுச்சு. ரோமன் எழுத்துல எழுதும்போது முதல்ல வர்ற 'சி', 'ஹெச்' ரெண்டையுமே பெரிய எழுத்தாப் போடணும், ஏன்னா அவங்க அரிச்சுவடியில அது ரெண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. வடக்குத் தீவுகள்ல இருக்கிறவங்க இதை ஏத்துக்கல, இன்னைக்கும் பழையபடி 'சமோரோ'ன்னுதான் எழுதுறாங்க. ஒரே மொழி, ரெண்டு அரசாங்கம், ரெண்டு ஸ்பெல்லிங். நம்ம எழுத்துல பெரிய எழுத்து, சின்ன எழுத்துங்கிற பிரச்சினையே இல்லாததால நான் தப்பிச்சேன்.

சரி, கதைக்கு வருவோம். 1521 மார்ச்ல மெகல்லனோட கப்பல்கள் இங்கே வந்துது. ஒரு படகை எடுத்துட்டாங்கன்னு சண்டை வந்து, மெகல்லனோட ஆட்கள் வீடுகளைக் கொளுத்தி, சிலரைக் கொன்னு, போகும்போது இந்தத் தீவுகளுக்குத் 'திருடர்களோட தீவுகள்'னு பேரும் வெச்சுட்டுப் போனாங்க. முறையான காலனி ஆட்சி 1668ல, சான் விட்டோரஸ்ங்கிற இயேசு சபைப் பாதிரியார் வந்ததுல இருந்து தொடங்குது. ஸ்பெயின் ராணி மரியானா பேரைத் தீவுகளுக்கு வெச்சவரும் அவர்தான். வந்த உடனே அவர் செஞ்ச வேலைகள்ல ஒண்ணு, சமோரு மொழிக்கு லத்தீன்ல இலக்கணம் எழுதினது. நாலே வருஷத்துல, 1672ல, மாட்டாபாங்ங்கிற தலைவர் அவரைக் கொன்னுட்டார். தன் குழந்தைக்கு அனுமதியில்லாம ஞானஸ்நானம் கொடுத்ததுதான் காரணம்.

அதுக்கப்புறம் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு சண்டை. வெளியில இருந்து வந்த நோய்கள். சிதறிக் கிடந்த கிராமங்களை ஒழிச்சு, மக்களை எல்லாம் சர்ச் இருக்கிற சில ஊர்களுக்குள்ள அடைச்சாங்க. வடக்குத் தீவுக்காரங்களையும் பெரும்பாலும் குவாமுக்குக் கொண்டு வந்துட்டாங்க. பல்லாயிரம் பேர் இருந்த இனம், 18ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல 4,000 பேருக்கும் கீழே வந்துருச்சு.

இப்படி ஒரு நிலைமையில மொழி அங்கேயே முடிஞ்சிருக்கணும். முடியல. தீவுல மிச்சமிருந்த ஆண்கள்ல பலர் மெக்சிகோவுல இருந்தும் பிலிப்பைன்ஸ்ல இருந்தும் வந்த படைவீரர்கள். அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது சமோரு பெண்களை. பிள்ளையை வளர்த்தது அம்மா, அம்மாவோட அம்மா. அப்பா எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் பிள்ளை பேசினது சமோரு. பாதிரியார்களும் பிரசங்கத்தைச் சமோருவுலதான் பண்ண வேண்டியிருந்துது. வீட்டுல செபமாலை சொல்லி வழிநடத்துற பெரியம்மாக்களை அங்கே 'டெச்சா'ன்னு சொல்லுவாங்க, அவங்க சொன்ன செபங்களும் சமோருவுலதான். பண்பாட்டை மாத்த வந்த சர்ச்சே மொழிக்கு ஒதுங்க இடம் ஆயிடுச்சு.

ஆனா ஸ்பானிஷ் சொற்கள் ஏகப்பட்டது உள்ளே வந்துருச்சு. எண்கள் முழுக்கப் போச்சு. இன்னைக்கு ஒரு சமோரு பாட்டி ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணினா ஊனு, தோஸ், த்ரெஸ்னு ஸ்பானிஷ்லதான் எண்ணுவாங்க. பழைய எண்கள் ஹாச்சா, ஹுகுவா, துலு, ஃபத்ஃபத், லிமா. மலேசியாவுலயும் சிங்கப்பூர்லயும் இருந்து கேக்குறவங்க இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க. ஆமா, மலாய் மொழியில அஞ்சுக்குச் சொல்ற அதே 'லிமா'தான். ரெண்டுமே ஆஸ்ட்ரோனேஷிய மொழிக் குடும்பம்.

இதைப் பார்த்துட்டு ரொம்ப நாள் வெளியாட்கள் "இது ஏதோ உடைஞ்ச ஸ்பானிஷ்"னு எழுதிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு இந்தக் கருத்து மேல கொஞ்சம் கோபமே உண்டு. 'கந்தா'ன்னா பாட்டு, பாடுறது, ஸ்பானிஷ்ல இருந்து வந்த சொல். ஆனா "பாடினான்"னு சொல்லணும்னா சமோரு அந்தச் சொல்லோட நடுவுல 'உம்'ங்கிற ஒட்டைச் செருகி 'குமந்தா' ஆக்கிடும். 'பிசிதா'ன்னா போய்ப் பார்க்கிறது, அது 'புமிசிதா' ஆயிடும். சொல்லைப் பிளந்து நடுவுல ஒட்டு வைக்கிற பழக்கம் ஸ்பானிஷ்ல கிடையவே கிடையாது. பிலிப்பைன்ஸ் மொழிகள்ல பார்க்கலாம். நன்றி சொல்றதுக்கு அவங்க சொல்ற 'சி யூஓஸ் மாஆசே'யை எடுத்துக்கங்க. யூஓஸ்ங்கிறது ஸ்பானிஷ் 'தியோஸ்', கடவுள். மீதியெல்லாம் சமோரு. உள்ளே வந்த சொல்லுக்குத் தன் இலக்கணத்தைப் போட்டுவிட்ட மொழி இது. 230 வருஷ ஸ்பெயின் ஆட்சியோட முடிவுல தீவுல எல்லாரும் பேசின மொழி சமோருதான்.

1898ல அமெரிக்கா வந்துச்சு. அந்தக் கதை கொஞ்சம் சிரிப்பா இருக்கும். ஜூன் 20 அன்னைக்கு சார்ல்ஸ்டன்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் துறைமுகத்துக்குள்ள வந்து பழைய கோட்டையை நோக்கிச் சுட்டுச்சு. தங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் போர் நடக்குதுங்கிற செய்தியே ஸ்பானிஷ் அதிகாரிகளுக்கு இன்னும் வந்து சேரல. மரியாதைக்குச் சுடுறாங்கன்னு நினைச்சு, பதில் மரியாதை செய்யாததுக்கு விளக்கம் சொல்லக் கப்பலுக்கே போனாங்க. மறுநாள் சரணடைஞ்சாச்சு. குவாம் அமெரிக்காவுக்குப் போச்சு. வடக்குத் தீவுகளை அடுத்த வருஷம் ஸ்பெயின் ஜெர்மனிக்கு வித்துருச்சு. ஒரே மக்களுக்கு நடுவுல அன்னைக்கு விழுந்த கோடு இன்னும் அழியல.

குவாமை ஆண்டது அமெரிக்கக் கடற்படை. ஆளுநர் கடற்படை அதிகாரி, அவர் வெச்சதுதான் சட்டம். 1917ல வந்த 243ஆம் எண் நிர்வாக உத்தரவு, இங்கிலீஷ் மட்டுமே ஆட்சிமொழின்னும், அலுவல் ரீதியா மொழிபெயர்க்கிறதைத் தவிர வேற எதுக்கும் சமோரு பேசக்கூடாதுன்னும் சொல்லுச்சு. அடுத்த வருஷம், 1918ல, அதே கடற்படையில இருந்த ஃபான் ப்ரைசிக்ங்கிற அதிகாரி எழுதின சமோரு அகராதியையும் இலக்கணத்தையும் வாஷிங்டன்ல அரசு அச்சகமே வெளியிட்டுச்சு. இடது கை பண்றது வலது கைக்குத் தெரியல. 1922 வாக்குல வகுப்புல மட்டுமில்ல, விளையாட்டு மைதானத்துல கூடச் சமோரு பேசத் தடை. அகராதிகளைச் சேகரிச்சு எரிச்சாங்கன்னும் குவாம் வரலாற்றுல பதிவாகியிருக்கு. பேசி மாட்டின பிள்ளைங்களுக்கு அடியும் அபராதமும்.

(தாய்மொழி பேசினா அபராதம்ங்கிறது உங்கள்ல சிலர் ஸ்கூல்ல அனுபவிச்சதா இருக்கலாம். நான் படிச்ச ஸ்கூல்லயும் இருந்துச்சு. ஆனா 8 கோடிப் பேர் பேசுற மொழியையும், மொத்தமே சில பத்தாயிரம் பேர் பேசுற மொழியையும் ஒரே தட்டுல வைக்க வேண்டாம். இந்த எபிசோட் முழுக்க அவங்களைப் பத்தினதாவே இருக்கட்டும்.)

இப்போ ஒரு கணக்கு. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல குவாம்ல சுமார் 22,000 பேர். பத்துல ஒன்பது பேர் சமோரு. உத்தரவு வந்து 23 வருஷம் ஆயிருந்துச்சு. பிள்ளைங்க இங்கிலீஷ் கத்துக்கிட்டாங்க. ஆனா மணி அடிச்சதும் வீட்டுக்குப் போனா சமோரு, சர்ச்சுல சமோரு, வார இறுதியில குடும்பத்தோட 'லான்சோ'ங்கிற தோட்டத்துக்குப் போய்க் கோழி, பன்றி, சோளம்னு பார்த்துக்கிட்டாலும் அங்கேயும் சமோரு. தீவோட மக்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேர் தலைநகர் ஹகாட்ஞாவுல அடுத்தடுத்த வீடுகள்ல சொந்தக்காரங்களோட வாழ்ந்தாங்க. உத்தரவு எட்டினது ஸ்கூல் கேட் வரைக்கும்தான். ஒரு நாள்ல நாலஞ்சு மணி நேரத்தைத் தடை பண்ணலாம், மீதி நேரத்தை ஒரு ஆளுநரால ஒண்ணும் பண்ண முடியாது.

அப்புறம் போர். 1941 டிசம்பர் 10 அன்னைக்கு ஜப்பான் குவாமைப் பிடிச்சுது. தீவுக்கு 'ஓமியா'ன்னு புதுப் பேர், ஸ்கூல்ல ஜப்பானிய மொழி. சைபான் அதுக்கு முன்னாடியே ஜப்பான் ஆட்சியில இருந்ததால, அங்கே இருந்து ஜப்பானிய மொழி தெரிஞ்ச சமோருக்காரங்களை மொழிபெயர்ப்பாளரா கொண்டு வந்தாங்க. விசாரணையில அடிவாங்கும்போது கேள்வி கேட்ட குரல் உங்க தாய்மொழியில இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் கசப்பு குவாமுக்கும் வடக்குக்கும் நடுவுல பல பத்தாண்டு நின்னுச்சு. ரெண்டு பக்கமும் ஒண்ணு சேரணும்னு எத்தனையோ தடவை பேச்சு வந்தும் கைகூடாம போனதுல இதுக்கும் பங்கு உண்டு.

1944 ஜூலை 21 அன்னைக்கு அமெரிக்கப் படை திரும்ப வந்து இறங்குச்சு. குண்டுவீச்சுல ஹகாட்ஞா தரைமட்டம். மிச்சமிருந்ததையும் புல்டோசர் விட்டுத் தள்ளிட்டாங்க. சூமாய்ன்னு ஒரு கிராமம், போருக்கு முன்னாடி நல்லா இருந்த ஊர். அது இப்போ கடற்படைத் தளத்துக்குள்ள இருக்கு. ஊர்க்காரங்களைச் சாண்டா ரீட்டாங்கிற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. சொந்த ஊர்க் கல்லறைக்குப் போகணும்னா தளத்துக்காரங்க அனுமதிக்கிற நாள்லதான் போக முடியும். லான்சோ நிலங்களும் பெரிய அளவுல ராணுவத்துக்குப் போச்சு. இன்னைக்கும் தீவோட நிலத்துல கால்பங்குக்கு மேல ராணுவத்து கையிலதான் இருக்கு.

என் பார்வையில இதுதான் திருப்புமுனை, 1917 இல்ல. மொழி இருந்த இடங்களே போயிருச்சு: பக்கத்து வீட்டுச் சொந்தக்காரங்க, தோட்டம், பழைய தெரு. விவசாயம் பண்ணினவர் தளத்துல சம்பளத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே மேலதிகாரி பேசினது இங்கிலீஷ். பக்கத்துல வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரரோட பேசவும் இங்கிலீஷ்தான். 1950ல தீவோட மக்கள்தொகை சுமார் 59,000. படைவீரர்களையும் சேர்த்த கணக்கு அது. அதுல சமோரு பாதிக்கும் கீழே. பத்து வருஷத்துல, தன் தீவுல பத்துக்கு ஒன்பதா இருந்தவங்க சிறுபான்மை ஆயிட்டாங்க. அதே வருஷம் அமெரிக்கக் குடியுரிமையும் கிடைச்சுது. கொஞ்ச நாள்ல டிவி வந்துச்சு. பசங்க அமெரிக்க ராணுவத்துல சேர்ந்து கலிஃபோர்னியா பக்கம் போனாங்க.

இந்த இடத்துல ஒரு அம்மா என்ன முடிவு எடுப்பாங்க? அவங்க ஸ்கூல் படிச்சப்போ சமோரு பேசினதுக்கு அடி வாங்கினவங்க. ஜப்பானிய ஆட்சியில பட்டினி கிடந்தவங்க. இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்சவனுக்கு ஆபீஸ் வேலை, தெரியாதவனுக்குக் கூலி வேலைன்னு கண்ணு முன்னாடி பார்க்கிறாங்க. புருஷனோட சமோருவுல பேசுவாங்க, தங்கச்சியோட சமோருவுல சண்டை போடுவாங்க, குழந்தை பக்கம் திரும்பினதும் இங்கிலீஷ். யாரும் கட்டாயப்படுத்தல. அதனாலதான் ஸ்கூல் கேட்டோட நின்ன உத்தரவு, 30 வருஷம் கழிச்சு தொட்டில் வரைக்கும் போச்சு. அன்னைக்கு அடி வாங்கின பிள்ளைங்கதான் இப்போ அம்மா, அப்பா. "அந்தத் தலைமுறை மொழியைக் கைவிட்டுருச்சு"ன்னு சொல்றவங்க உண்டு. அவங்க கையில அன்னைக்கு என்ன இருந்துச்சுன்னு பார்த்தா அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல.

வடக்குத் தீவுகளை ஒப்பிட்டா இது இன்னும் தெளிவாகும். அங்கே ஜெர்மன் வந்துது, ஜப்பான் வந்துது. 1930கள்ல சைபான்ல உள்ளூர்க்காரங்களை விட ஜப்பான்ல இருந்தும் ஒகினாவாவுல இருந்தும் வந்தவங்கதான் பல மடங்கு அதிகம். ஆனாலும் குவாமை விட அங்கே, அதுவும் ரோட்டா மாதிரி சின்னத் தீவுல, மொழி நல்லாவே நின்னுச்சு. அந்த மொழிகள் எதையும் அம்மாக்கள் தாலாட்டுக்கு எடுத்துக்கல.

மீட்சிக் கதை பாட்டுல தொடங்குதுன்னு சொல்லலாம். 1968ல ஜானி சாப்லான்ங்கிற பாடகர் 'தலாய் நேனே'ங்கிற ஆல்பத்தைச் சமோருவுல வெளியிட்டார். வணிக ரீதியா வந்த முதல் சமோரு ஆல்பம் அது. அப்புறம் வரிசையாப் பாடகர்கள் வந்தாங்க. பார்ட்டியில, ரேடியோவுல சமோரு கேக்க ஆரம்பிச்சுது. 1973ல டொனால்ட் டாப்பிங், பெர்னடிட்டா டங்கா ரெண்டு பேரும் சேர்ந்து இலக்கண நூல் கொண்டு வந்தாங்க. 1975ல பெட்ரோ ஓகோவும் சேர்ந்து அகராதி. ஒரு காலத்துல எரிச்சதை மறுபடி எழுதின மாதிரி. 1974ல சமோருவும் ஆட்சிமொழி ஆச்சு. 1977ல அரசுப் பள்ளிகள்ல அதைக் கற்பிக்கச் சட்டம் வந்துது. 1978ல, இங்கிலீஷ் இல்லாத விளம்பரத்தைப் போட மறுத்த பசிபிக் டெய்லி நியூஸ் பத்திரிகையை எதிர்த்து மக்கள் வீதிக்கே வந்தாங்க. இந்தக் காலத்துல முன்னாடி நின்ன ராபர்ட் அண்டர்வுட்ங்கிற ஆசிரியர் பிற்பாடு அமெரிக்கக் காங்கிரஸுக்குக் குவாமோட பிரதிநிதியாப் போனார், குவாம் பல்கலைக்கழகத் தலைவராவும் இருந்தார்.

சட்டம், பாடநூல், ஆட்சிமொழி எல்லாம் வந்தாச்சு. ஆனா பேசுறவங்க எண்ணிக்கை ஏறல. 2010 கணக்கெடுப்புல குவாம்ல வீட்டுல சமோரு பேசுறதாச் சொன்னவங்க சுமார் 26,000 பேர், வடக்குத் தீவுகள்ல சுமார் 12,000. அதுலயும் பெரும்பங்கு வயசானவங்க. அதே வருஷம் அமெரிக்க மாநிலங்கள்ல தன்னை சமோருன்னு பதிஞ்சவங்க கிட்டத்தட்ட 1,48,000 பேர். ஸ்கூல்ல தினமும் ஒரு பீரியட் சமோரு படிச்ச பையனுக்கு நிறம், எண், மிருகங்கள் பேரு தெரியும், வணக்கம் சொல்ல 'ஹாஃபா அடாய்' தெரியும். பாட்டியோட சண்டை போடத் தெரியாது. நடுவுல இருக்கிற அப்பா, அம்மா தலைமுறை கேட்டா புரிஞ்சுக்கும், பதில் சொல்றது இங்கிலீஷ்ல. நம்ம பாஷையில சொன்னா ரீட்-ஒன்லி மோடு. கேட்கத் தெரிஞ்சவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு மொழி போகாது, பேசினாத்தான் போகும்.

அதனால 2000க்கு அப்புறம் வந்தவங்க வேற வழியில போனாங்க. 2005ல தொடங்கின ஹுராவ் அகாடமியில சின்னப் பிள்ளைங்களுக்கு நாள் முழுக்கச் சமோரு மட்டும். சாப்பிட, விளையாட, அழ, புகார் சொல்ல எல்லாத்துக்கும் அதுதான். 17ஆம் நூற்றாண்டுல ஸ்பெயினை எதிர்த்த தலைவர் ஹுராவ் பேரை வெச்சிருக்காங்க. மைக்கேல் லுஹான் பெவாகுவாங்கிற பேராசிரியர் இன்னொரு உதாரணம். அவரு வளர்ந்தப்போ சமோரு பேசத் தெரியாது. பெரியவனான பிறகு தாத்தா பாட்டிகிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டார். தாத்தா ஹோவாக்கின் லுஹான், பாரம்பரியக் கொல்லுப்பட்டறைக் கலைஞரா தேசிய விருது வாங்கினவர். கத்துக்கிட்டவர் தன் பிள்ளைங்ககிட்ட சமோருவுல மட்டும் பேசுறதுன்னு முடிவெடுத்தார். காபி கடையில உட்கார்ந்து யார் வந்தாலும் இலவசமா வகுப்பும் எடுத்தார்.

இது கேட்கிற அளவுக்கு லேசில்ல. தப்பாப் பேசினா பெரியவங்க சிரிப்பாங்க. "உன் உச்சரிப்பு சரியில்ல"ன்னு ஒரு மாமா சொன்னா, வெட்கப்பட்டு அடுத்த தடவை இங்கிலீஷுக்குப் போயிடுவாங்க. ஊனு, தோஸ் சொல்லணுமா, ஹாச்சா, ஹுகுவா சொல்லணுமான்னு வேற வாக்குவாதம். புதுசாக் கத்துக்கிறவங்க பழைய எண்களை ஆசையாப் படிக்கிறாங்க. பாட்டிக்கு அது புரியாது, பாட்டி வாழ்நாள் பூரா ஸ்பானிஷ் எண்ணுலதான் எண்ணினவங்க. எனக்குக் கேட்டா, பாட்டி உயிரோட இருக்கிற வரைக்கும் பாட்டி எண்ணுற மாதிரியே எண்ணலாம். ஹாச்சாவைப் புத்தகத்துல இருந்து எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

2024 ஜூன்ல கூகுள் ட்ரான்ஸ்லேட்ல 110 மொழிகளைச் சேர்த்தாங்க, அதுல சமோருவும் ஒண்ணு. நான் பார்க்கிற வேலைக்கு இது சந்தோஷமான செய்திதான். ஆனா மெஷினால ஒரு வாக்கியத்தை மாத்திக் கொடுக்க முடியும். ராத்திரி தூங்க மறுக்கிற ரெண்டு வயசுக் குழந்தைகிட்ட என்ன மொழியில கெஞ்சுறதுங்கிறதை இப்போ குவாம்ல முப்பது வயசுல இருக்கிற அம்மா, அப்பாக்கள்தான் முடிவு பண்ணணும். அவங்கள்ல நிறையப் பேர் அந்த வாக்கியத்தை முதல்ல தங்களோட பாட்டிகிட்ட ஃபோன் போட்டுக் கேட்டுக்க வேண்டியிருக்கு.